கடைசி பாட்டில்

அக்குளில் வைத்துச் சூடேற்றிய தம்பியின் சிறுநீரை, கழிப்பறைக்குள் நின்று டப்பாவில் ஊற்றினேன். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு மாதாமாதம் இந்தச் சோதனை. குடித்தது தெரிந்தால் வேலை காலி. தம்பிக்கோ குடி வாடையே ஆகாது.

நர்ஸ் டப்பாவில் சோதனை அட்டையை முக்கிப் பார்த்தார்.

“குடி இல்ல, சுத்தம்.”

எழுந்தேன்.

“உக்காருங்க. சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. போன மாசமே தலபாடா அடிச்சுக்கிட்டேனே, டாக்டரைப் பாத்தீங்களா?”

“இல்ல சிஸ்டர்.”

பார்க்க வேண்டியவன் தம்பி. அவனிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் மாத்திரை போடுவான், மாத்திரை சோதனையில் தெரியும், நான் மாட்டிக்கொள்வேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

“இப்படியே விட்டா ஒருநாள் மயங்கி விழுவீங்க. அப்புறம் எந்திரிக்கவே மாட்டீங்க.”

“தெரியும் சிஸ்டர்.”

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தேன். இன்னும் ஒரே ஒரு பாட்டில் உறைந்து நின்றது. அதில் தம்பி ஒட்டிய சீட்டு:

‘அடுத்த மாசத்துக்கு, அண்ணே. மறக்காம சூடு பண்ணிக்க.’

அவனை அடக்கம் செய்து இன்றோடு இருபது நாள்.