நாலு ஒன்பது

காருக்குப் போட்டிருந்த உறையைச் சுதர்சன் பதமாக விலக்கினார். நம்பர் 9999.

"வாங்கி ரெண்டு வருஷமாச்சுங்க. ஷெட்டை விட்டு எறக்கல. இந்த நம்பர்தான் என் முதலீடு. நானே பெரம்பலூர் ஆபீசுக்கு ஏழு மணி பஸ்லதான் போறேன்."

"வூட்ல ஒண்ணும் சொல்லலையா?" என்றார் கார் வாங்க வந்த தர்மராஜ். ஜெயங்கொண்டத்தில் முந்திரி வியாபாரி.

"சொல்லாம? ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போறேன்னு ஒரே சண்டை. ஓட்டுனா மதிப்பு போயிடும்னு அவங்களையும் பஸ்லதான் போகச் சொல்லிட்டேன். சரி, பன்னெண்டு லட்சம் கொடுங்க."

"பதினஞ்சே தரேன்."

சுதர்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேட்டதுக்கு மேல தரீங்களே!"

"ராசியான வண்டிங்க. காலையில கடை தெறக்கறப்ப இது எதிர வந்துச்சுன்னா, மத்தியானத்துக்குள்ள சரக்கு காலி. ஒரு வருஷமா பாக்குறேன். விளம்பரத்துல நம்பரைப் பாத்ததும் ஓடியாந்துட்டேன்."

"ஜெயங்கொண்டத்துலயா? வேற வண்டியா இருக்கும். இதுதான் நவுரவே இல்லையே!"

அப்போது சுதர்சனின் மனைவி கீதாஞ்சலி காபியோடு வந்தாள். தர்மராஜ் எழுந்து கும்பிட்டார்.

"அட, வணக்கம் டீச்சர்! இவ்ளோ நாளா இதை ஓட்டிட்டு வந்தது நீங்கதானே?"

சுதர்சன் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். அவள் நிதானமாகக் காபியை நீட்டினாள்.

"நான் ஓட்டுனதுலதாங்க மூணு லட்சம் ஏறியிருக்கு. இப்ப விக்க வேணாம். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுறேன், நல்லா ஏறட்டும்."