நூறு கஜத்தில் ஒரு பெட்டிக்கடை

"ஏம்மா, டேப்பு தொங்குது பாரு! நல்லா இஸ்துப் புடி!"

கன்னியம்மா போட்ட சத்தத்தில் ஒன்பதாம் வகுப்பு ஸ்ரீவாணி டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். பிழைப்பு விஷயமாயிற்றே, கன்னியம்மா சும்மா விடுவாளா?

பள்ளிக்கூடத்து கேட்டிலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. நேற்று வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த அறிவியல் ஆசிரியர் ஜனார்தனன், "நாளைக்கு அளக்க வருவோம்" என்று காக்களூர் சாலைக் கடைகளிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று மாணவிகளும், எல்லைக் கோடு போட மஞ்சள் பெயின்ட்டுமாக வந்துவிட்டார். கடைசியில் இருந்தது கன்னியம்மாவின் சக்கரம் வைத்த பெட்டிக்கடை.

அவள் கணவர் ஜெயராஜ், நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விற்க வைத்திருந்த பாக்கெட்டிலிருந்தே ஒன்றை உருவிப் பற்ற வைத்திருந்தார். ஒரு இழுப்பு, இரண்டு இருமல் என்று போய்க்கொண்டிருந்தது.

"நல்லா அளந்துக்க சார். நானு போன மாசமே அளந்துட்டேன். நம்ம கடை நூறு கஜத்துக்கு அப்பால கீது" என்றார் அவர். "தெரியாமத்தான் கேக்குறேன், நூறு கஜத்துக்குள்ள வித்தா கேன்சரு, அதுக்கு அப்பால வித்தா புண்ணியமா?"

"பசங்க கேட்டைத் தாண்டினதும் கைக்கு எட்டக் கூடாது இல்லையா? அதுக்குத்தான்" என்றார் ஜனார்தனன்.

ஜெயராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்து இருமினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்துப் புங்கமரத்தைப் பார்த்தார். "இன்னா கன்னிமா, எப்பவும் நெழலா இருக்கும். இன்னிக்கு வெயிலு மூஞ்சிலயே அடிக்குது?"

"வெயில் காலத்துல வெயிலு அடிக்காம பனியா பெய்யும்? கம்முனு குந்துய்யா."

டேப் வந்து சேர்ந்தது. நூறு கஜம் முடிந்த இடம் ஜெயராஜின் ஸ்டூலுக்குப் பின்னால் இருந்தது.

"சார், கடை உள்ள வருது!" என்று துள்ளினாள் ஸ்ரீவாணி.

"தப்பு, தப்பு! இன்னொரு தபா அள!" என்று எழுந்தே விட்டார் ஜெயராஜ். இன்னொரு தடவையும் அளந்தார்கள். டேப் அதே இடத்தில்தான் நின்றது.

"ஐயோ, என் பொழப்பு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கன்னியம்மா. அடித்த கையோடு, இருந்த சிகரெட், பீடிக் கட்டு அத்தனையையும் வாரி ஒரு பையில் போட்டாள். பை தயாராக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சே, பேஜாருப்பா!" என்று முனகிக்கொண்டே ஜெயராஜ் வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஜனார்தனனுக்குப் பாவமாகிவிட்டது. "டீ, பிஸ்கெட், மிட்டாய் எல்லாம் தாராளமா விக்கலாம்மா. எங்க மேல கோவிச்சுக்காதீங்க."

கணவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"கோவமா? டாக்டரு தலபாடா அடிச்சுக்கினாரு சார், இந்த மனுஷன் கேக்கல. கடையில சரக்கு கீற வரிக்கும் எடுத்து ஊதிகினேதான் இருப்பாரு." குரலைத் தணித்தாள். "அதான் நேத்து நீங்க சொல்லிட்டுப் போனதும், கடைய அஞ்சடி ஸ்கூல் பக்கமா தள்ளிவுட்டேன்!"