ராஜ உபசாரம்

பொழுதுபோக்குப் பூங்காவின் ஓட்டலுக்குக் கணவனோடும் மகனோடும் வந்திருந்த டீச்சருக்கு, மூலை மேஜைத் தம்பதியைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தட்டோடு கால் கடுக்க நிற்க, அவர்களுக்கு மட்டும் மேனேஜரே பரிமாறினார். கரடி வேஷக்காரன் மேஜை மேஜையாகப் போய்க் கூத்தடித்தான். அவர்கள் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

“அமைச்சர் வீட்டுச் சொந்தமா இருக்கும்,” என்றான் கணவன்.

“இருக்கட்டுமே. இத்தனை வகை வெச்சும் ஒரு வாய் தொடலை பாருங்க. கொழுப்பு.”

மூலை மேஜைக்காரர் வெளியே போனதும் டீச்சர் எழுந்து அவர் மனைவியிடம் போனாள்.

“தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க இந்தக் கவனிப்பு?”

“நாங்க கேக்கலைங்க. எத்தனை நாள் வேணும்னாலும் தங்குங்க, எல்லாம் எங்க செலவுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“கொடுத்து வெச்சவங்க.”

அவள் நிமிர்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“திங்கக்கிழமை எங்க பொண்ணு ராட்டினத்துலேர்ந்து விழுந்து செத்துட்டா. ஏழு வயசு. ஆஸ்பத்திரியில உடம்பைக் கொடுக்கற வரைக்கும் இங்கேயே இருக்கச் சொல்லியிருக்காங்க. யார்கிட்டயும் பேசக் கூடாதாம்.”

டீச்சர் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்து, டீச்சரைப் பணிவாகத் தள்ளி அழைத்துப் போனார்.

“மேடம், உங்க குடும்பத்துக்கும் இனிமே எல்லாம் எங்க செலவு,” என்றார், குரலைத் தாழ்த்தி.