பாலிமர் ஆய்வகத்தில் ஒரே ஒரு இடம்

"ஒரே ஒரு இடம்தான் டத்தோ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." பிரிக்பீல்ட்ஸ் பாத்திரக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து நின்று, கைப்பேசியில் கிசுகிசுத்தார் சோலையப்பன். இட்லிப் பானை விலை கேட்டு நின்ற அம்மாளைக் கையசைத்துக் காத்திருக்கச் சொன்னார்.

இடம் அவர் மகள் யாழினிக்கு. கெமிஸ்ட்ரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மண்ணில் புதைத்தால் சீக்கிரமே மக்கிப்போகிற ரப்பர் கையுறை ஒன்றை உருவாக்க, பல்கலைக்கழகத்தின் பாலிமர் ஆய்வகம் முயன்றுகொண்டிருந்தது. செமஸ்டர் விடுமுறையில் அந்த ஆராய்ச்சியில் சேர ஒரே ஒரு மாணவருக்கு வாய்ப்பு. எந்தக் கல்லூரியில் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

யாழினிக்கு அந்த ஆய்வகம் என்றால் உயிர். சாப்பாட்டு மேசையில் அம்மா நாச்சம்மை புட்டு வைத்தாலும் இடியப்பம் வைத்தாலும் அவள் பேச்சு மூலக்கூறுச் சங்கிலியில்தான் போய் நிற்கும். இந்த இடம் கிடைத்தால்தான் மேல்படிப்புக்கு வழி என்று நம்பியிருந்தாள்.

"அப்பச்சி, யார்கிட்டயும் போய்ச் சொல்ல வேணாம். நானே பாத்துக்கறேன்" என்று அவள் அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை மூன்றாம் முறையாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்ட சோலையப்பன், கூட்டம் அலைமோதுவதால்தான் தள்ளிப் போடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

இந்த ஊரில் கேபிள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்பது அவர் கட்சி. கேபிள் என்றால் மேலிடத்துச் சிபாரிசு. சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய சின்னையாவோடு கைகுலுக்கி எடுத்த படத்தைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். வியாபாரம் மந்தமான நாள்களில் இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுவார்.

"அப்படி என்னய்யா இருக்கு அந்த இடத்துல?" என்று டத்தோ அலுப்போடு கேட்டார்.

"அதுல நுழைஞ்சிட்டா நேரா ஜெர்மனிதான் டத்தோ. பெரிய பெரிய வீட்டுப் பிள்ளைங்கள்லாம் வரிசையில நிக்குதுங்களாம் லா."

பச்சைப் பொய். ஆனால் உள்ள சரக்கை உள்ளபடி சொன்னால் எந்த வாடிக்கையாளர் வாங்குவார்? ஜெர்மனி என்றதும் டத்தோவின் அலுப்பு போய்விட்டது. ஆய்வகத்தின் பெயரைக் கேட்டு, இன்னொரு முறை நிதானமாகச் சொல்லச் சொன்னார்.

ஒரு கேபிளை மட்டும் நம்பி இருக்கலாமா? கிள்ளானில் இருக்கும் பல் டாக்டரிடம் சொன்னார். கோயில் கமிட்டித் தலைவரிடம் சொன்னார். யாழினிக்குப் பழைய டியூஷன் மாஸ்டரைக்கூட விடவில்லை. ரகசியம் என்று சொல்லிச் சொல்லியே அத்தனை பேரிடமும் பேசினார். எல்லாரும் என்ன வேலை, யாரைப் பார்க்க வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று அக்கறையாக விசாரித்தார்கள். மனுஷனுக்கு மனுஷன் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சோலையப்பன் நெகிழ்ந்து போனார்.

அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு என்று திடீரென்று அறிவித்தார்கள். யாழினி போய்விட்டு வந்தாள். முடிவு வந்த அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டவள் சாப்பிடக்கூட வரவில்லை. உள்ளே அவள் அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கதவுக்கு வெளியே நின்றார் சோலையப்பன். இடம் டத்தோவின் தங்கை மகனுக்குப் போயிருந்தது. அவன் படிப்பது மார்க்கெட்டிங்.

மறுநாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் விஜயன் சின்ன வயசுக்காரர். மேசையில் குவிந்திருந்த விண்ணப்பங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அவரை உட்காரச் சொன்னார்.

டத்தோ முதுகில் குத்திவிட்டதைச் சொல்லிப் புலம்பினார் சோலையப்பன். அந்தப் பையனுக்கு ரப்பர் மரத்துக்கும் செம்பனை மரத்துக்கும் வித்தியாசமாவது தெரியுமா என்று கேட்டார். டாக்டர் மறுக்கவில்லை. விண்ணப்பங்கள் இப்படி வந்து குவிந்ததும் மேலிடமே தேர்வுக்குழு போட்டுவிட்டது என்றும், அதற்குமேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

"என் மகளும் மத்தவங்களோட இடிபட்டுத்தானே டாக்டர் அப்ளை பண்ணா? அவ்ளோ பேருக்கு நடுவுல அவளுக்கு நான் ஒருத்தன்தானே இருக்கேன். அதான் நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சேன்."

விஜயன் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"நீங்க சொல்லி வெக்கிற வரைக்கும், அங்கிள், உங்க பொண்ணு ஒருத்திதான் அப்ளை பண்ணியிருந்தாங்க."