மேசை வாங்கிய குட்டு

சூயின் என்றொரு சீனத்து அம்மாள் கடல் தாண்டி வந்து டீக்கடை போட்டாள். மண் கூஜாவை ஊரிலிருந்தே கொண்டுவந்தாள். மேசையை மட்டும் வந்த இடத்தில் வாங்கினாள்.

மேசைக்கு முதல் நாளிலிருந்தே எரிச்சல். கூஜா டீ ஊற்றும்போதெல்லாம், குடிக்க வந்த சீனர்கள் விரலால் மேசையைத் தட்டினார்கள்.

"ஊற்றுவது நீ, குட்டு எனக்கா? இன்னொரு தடவை தட்டட்டும், ஆடுகிற என் காலை மடக்கி உன்னைக் கவிழ்த்துவிடுகிறேன்!" என்று சீறியது மேசை.

கூஜா சிரித்தது. "அட மரமண்டை! அது குட்டு இல்லை, நன்றி. பேச்சை நிறுத்தாமல் நன்றி சொல்ல எங்கள் பக்கத்தில் அப்படித்தான் தட்டுவார்கள்."

"யாருக்கு நன்றி?"

"ஊற்றியவருக்குத்தான். நீயா ஊற்றினாய்?"

மேசைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்தது. சூயின் தனக்கு ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, அப்பாடா என்று இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றி உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு மேசையை மெல்லத் தட்டினாள்.

"தானே ஊற்றிக்கொண்டால் தட்டுகிற வழக்கம் இல்லையே! இது யாருக்கு?" என்றது கூஜா.

 மேசை, தன்மேல் ஊன்றிய முழங்கைகள் அசையாதபடி, ஆடுகிற காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டது.