லுப்பானுக்கு விழுந்த ஓட்டு

மால்டோவா நாட்டு அதிபர் தேர்தலில் எங்கள் கிராமத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் லுப்பானுக்கே விழுந்தன. கோழிகளுக்கு ஓட்டிருந்தால் அவையும் வரிசையில் நின்றிருக்கும்!

“புளுகாதேய்யா!” என்றான் பந்தெலேய், எதிர் வேட்பாளரின் ஏஜெண்ட். “எங்க ஆளு பென்ஷனை ரெண்டு மடங்காக்குறேன்னாரு. உன் ஆளு என்னத்தைக் கிழிச்சாரு?”

“வீடு வீடா போன் பண்ணி, ‘அப்பா, குளிர் வருதே, விறகு சேர்த்தாச்சா?’ன்னு கேட்டாரு” என்றேன் நான்.

“அட மக்கு, அது பதிவு பண்ணின குரல்யா!”

“தெரியும். இத்தாலிக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைங்க அதைக்கூடக் கேட்கலையே.”

பந்தெலேய் தொப்பியைக் கழற்றினான்.

“நீ சொன்னது நிஜம்தான். நானும் லுப்பானுக்குத்தான் போட்டேன். அந்தக் குரல்கிட்ட, ‘சேர்த்துட்டேன் மகனே, நீ எப்ப வர்றே?’ன்னு கேட்டுட்டேன்யா.”