உள்ளே வரும்போது அடித்த மணி

அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சுச் சோதனை கேட்டில் மணி அடித்தது.

வெளியே போகிறவர்களுக்கு அடித்தால் ஓர் அர்த்தம் இருக்கிறது. தண்ணீர்க்காரி அப்போதுதான் வேலைக்கு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று தினமும் அவள் டிபன் பாக்ஸில் கை வைக்கிறவர்கள் வரிசையோடு பின்வாங்கினார்கள். அப்படியொரு ஒற்றுமையை அந்த இடம் அதுவரை பார்த்ததில்லை.

குளத்துத் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் அந்த நீல நீருக்கடியில் சூடாறிக்கொண்டு கிடக்கிறது. தற்காலிகமாகத்தான். ‘ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்’ என்று வந்த மச்சான் மாதிரி, அவள் வேலைக்குச் சேரும் முன்பே வந்தது; இன்னும் கிளம்பிய பாடில்லை.

நேற்று தண்ணீர் எடுக்கும்போது கையுறைக்கு மேலே ஒரு சொட்டு தெறித்த மாதிரி இருந்தது.

போகும்போது கேட் சத்தம் போடவில்லை. சரி என்று அவளும் சத்தம் போடவில்லை.

நேரே வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கினாள். தலை வாரிவிட்டாள். சோறு பிசைந்து வாயில் ஊட்டினாள்.

இதே கையால்.

அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் மீட்டர் அண்ணன் என்று கூப்பிடும் பாதுகாப்பு அதிகாரி கருவியோடு வந்தார். அவள் கையில் வைத்தார், சத்தமில்லை. தலை, செருப்பு, சத்தமில்லை. ஸ்வெட்டர் காலரில் வைத்ததும் கருவி படபடவென்று பொரிந்தது.

“நேத்து இதைப் போட்டுக்கிட்டா குளத்துக்கிட்ட நின்ன?”

“இல்லண்ணா. இது அவரோடது. வெளியில கெடந்துச்சு, குளிருக்கு மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.”

இன்னொரு கருவியைக் கொண்டுவந்தார். எந்தச் சரக்கு என்று பெயரையே சொல்லிவிடும் கருவி. பார்த்ததும் முகம் தெளிந்தது. பழி தன் தலையில் விழாது என்று தெரிந்துகொண்ட அதிகாரியின் முகம்.

“பயப்படாதம்மா. இது நம்ம குளத்துச் சரக்கே இல்ல, வைத்தியத்துக்குக் குடுக்குற கதிர்வீச்சு அயோடின். கழுத்துல கட்டி கிட்டி இருந்தா ஆஸ்பத்திரியில முழுங்கக் குடுப்பாங்க, வேர்வையில வரும். கொஞ்ச நாளைக்கு யாரையும் ஒட்டாம இருக்கச் சொல்வாங்களே, வீட்டுக்காரர் சொல்லலையா?”

பின்னால் பலர் மூச்சு விட்டார்கள். வரிசை மறுபடியும் குடும்பமாகி நெருங்கி வந்தது.

அவள் நகரவில்லை.

ஒரு வாரமாக அவர் ஹாலில் தனியாகப் படுக்கிறார். மகள் ஓடி வந்தால் எழுந்து விலகிப் போகிறார். தன் தட்டைத் தானே கழுவி, தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார்.

இதையெல்லாம் வைத்து அவளும் தெருவும் சேர்ந்து அவருக்கு ஒரு பெண்ணைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் உயரம், நிறம், எந்தப் பேருந்தில் வருகிறாள் என்பதுவரை பேசி முடித்தாயிற்று.

இன்று காலை அவர் வேலைக்குப் போனதும், அவருடைய துணிமணிகளைப் பெட்டியில் திணித்து, இந்த ஒரு ஸ்வெட்டர் அடங்காமல் போக, பெட்டியைத் தெருவே பார்க்கும்படி வாசலில் வைத்துவிட்டு, கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.